பதிவெண்ணை மாத்திப் போட்டா…

எங்க ஊர் சங்கரன்கோவிலில் ஒரு காலத்தில் பரீட்சை ரிசல்ட் என்றால் பேப்பர்தான். பாஸானவர்களின் பதிவெண்கள் வரிசையாக அச்சாகும். பேர் கிடையாது, மார்க் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனின் நம்பர் தெரிந்தால் அவன் பாஸா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். ரிசல்ட் இணையத்துக்கு வந்தபிறகு அதே நம்பருக்குப் பின்னால் பேர், பாடவாரி மார்க் எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன.

2013-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கொல்கத்தா மாணவர் தேபர்க்யா தாஸ் கை வைத்தது இங்கேதான். ஐ.சி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. முடிவுப் பக்கம் பதிவெண்ணை மட்டும்தான் கேட்டது. அந்த எண் பள்ளிக் குறியீடும் மாணவர் வரிசை எண்ணும் சேர்ந்தது. ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். சுமார் 2 லட்சம் பேரின் மார்க் கைக்கு வந்தது. வரைபடம் போட்டால் பல் உடைந்த சீப்பு மாதிரி இடைவெளிகள்: 85, 87, 89, 91, 93 இதெல்லாம் யாருமே வாங்காத மார்க்! தில்லுமுல்லு எதுவும் இல்லை என்று கவுன்சில் மறுத்தது. மார்க்கைச் சமன்செய்யும் கணக்கின் தடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ, வெளியிலிருந்து ஒருத்தர் தரவை இறக்கியிருக்காவிட்டால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஆனால் சட்டம்? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43 பூட்டை உடைத்தாயா என்று மட்டும் கேட்கவில்லை. பொறுப்பாளர் அனுமதியின்றித் தரவை இறக்கினாலோ நகலெடுத்தாலோ இழப்பீடு. அதையே நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் பிரிவு 66: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "கதவு திறந்துதான் கிடந்துச்சு சார்" என்பது முழுப் பதில் ஆகாது. இன்னொன்று, அந்த வரைபடத்துக்கு மார்க் போதும், பேர் தேவையே இல்லை.

அமெரிக்காவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் கதை தெரிந்திருக்கும். எம்.ஐ.டி. வலையமைப்பு வழியாக ஜேஸ்டோரின் ஆய்வுக் கட்டுரைகளை லட்சக்கணக்கில் இறக்கினார். 2011 ஜனவரியில் கைது. அந்த ஆண்டே ஜேஸ்டோர் சமரசம் செய்துகொண்டது. அரசு வழக்கறிஞர்கள் விடவில்லை, குற்றச்சாட்டுகள் 13 ஆயின. 2013 ஜனவரியில், 26 வயதில், தற்கொலை செய்துகொண்டார்.

அதிகம் பேசப்படாத துணுக்கு ஒன்று: 2010 அக்டோபரில் ஜேஸ்டோர் எம்.ஐ.டி. முழுவதற்குமே சில நாள் அணுகலை நிறுத்தியது. நம்மூர் கல்லூரிகளுக்கும் பல ஆய்விதழ்கள் கல்லூரியின் ஐ.பி. முகவரி வழியாகத்தான் திறக்கின்றன. ஹாஸ்டல் வைஃபையில் ஒருத்தன் ராத்திரி முழுக்க ஸ்கிரிப்டை ஓடவிட்டால், காலையில் பூட்டு விழுவது எல்லாருக்கும். பதில் எழுதவேண்டியவர் நூலகர்.