முழுவியளம்: ஒரு சொல்லின் கதை

நான் பண்டிதன் அல்ல. ஏ.எல். உடன் படிப்பை விட்டு, இன்று ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலையில் மெஷினோடு நிற்கிறவன். ஆனாலும் ஒரு சொல் கொஞ்சக் காலமாய் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதுதான் முழுவியளம்.

எங்கள் ஊர் மீசாலை. நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது முதலில் எதிர்ப்படுவதை அங்கே முழுவியளம் என்போம். சோதினைக்குப் போவதென்றால், பக்கத்து வீட்டு மாமியிடம் "முழுவியளத்துக்கு ஒருக்கா வாங்கோ" என்று முதல் நாளே சொல்லி வைப்பார்கள். நிறைகுடம், பசு, சுமங்கலி நல்லது. வெறுங்குடம், விறகுக்கட்டு, கைம்பெண் கூடாது. காரியம் பிழைத்தால் "ஆற்றை முழுவியளமோ" என்று பழி அந்த ஆளின் தலையில் விழும்.

இதைச் சிலர் முழுவியளம் என்றும் சிலர் முழிவியளம் என்றும் எழுதுகிறார்கள். 'முழி' என்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். கண் விழிப்பதைப் பேச்சில் முழிப்பது என்கிறோம். "ஆற்றை முகத்தில முழிச்சேனோ" என்பதும் அதுதான். மற்றப் பாதியான வியளத்துக்கு இந்தப் புத்தாண்டே சாட்சி. பஞ்சாங்கத்தில் 'கைவிசேட நேரம்' என்று அச்சடிக்கிறார்கள். எங்கள் வாயில் வருவதோ 'கைவியளம்'. நேசம் நேயமானது போல இங்கேயும் சகரம் யகரமாகியிருக்கிறது. ஆக, வியளம் என்பது விசேடம். விசேஷம் என்ற வடசொல்லுக்குச் சிறப்பு என்று பொருள். பேச்சில் அது செய்தி என்றும் ஆனது. "என்ன விசேஷம்?" என்று நாங்கள் கேட்கிறோம், மலையாளிகளும் கேட்கிறார்கள். அப்படிப் பார்த்தால், கண் முழித்ததும் கிடைக்கிற விசேஷமே முழுவியளம். இந்தச் சொல்லுக்குள் கைம்பெண்ணைத் தள்ளி வை என்று எங்கே இருக்கிறது?

சகுனம் என்ற சொல்லையும் பாருங்கள். வடமொழியில் சகுனம் என்றால் பறவை. பழந்தமிழில் புள் என்ற சொல்லுக்கும் பறவை, நிமித்தம் என்று இரண்டு பொருளும் உண்டு. ரோமாபுரியிலும் பறவை பார்த்துத்தான் குறி சொன்னார்கள். எங்கட கலியாணக் கார்ட்டில் அடிக்கிற 'ஓஸ்பீஷியஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரும் பறவை பார்த்தல்தான். ஆதியில் மனிசர் வானத்தைப் பார்த்துக் குறி கேட்டிருக்கிறார்கள்.

சங்க காலத்தில் விரிச்சி கேட்டல் என்றொரு வழக்கம் இருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், போருக்குப் போன தலைவன் திரும்புவானோ என்று அறிய முதிய பெண்கள் ஊர்ப்புறத்துக்குப் போய், நெல்லும் பூவும் தூவி நற்சொல்லுக்குக் காத்து நிற்கிறார்கள். குளிரில் நடுங்கும் ஓர் ஆயர்மகள், தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கிற கன்றைப் பார்த்து, உன் தாய்மார் இப்போது வந்துவிடுவர் என்று தேற்றுவது காதில் விழுகிறது. அதுவே நற்சொல்லாகிறது. அன்று ஊருக்கு நல்ல சேதி கொண்டுவந்தவர்கள் வயது போன பெண்கள்.

2000 ஆம் ஆண்டு தென்மராட்சி போர்க்களமானபோது அப்பா ஷெல் பட்டு இறந்தார். எனக்கு அப்போது 11 வயது. 2010 இல் ஒரு விடியற்காலை நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். படலையில் மாமி நிறைகுடத்தோடு நின்றா. அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றா. எனக்கு அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. போய்ச் சேருவேனோ தெரியாத பயணம், பெத்த தாயின் முகம் பார்க்காமலே போனேன்.

இரண்டு வருசத்துக்கு முன் அம்மா இங்கே வந்து சேர்ந்தா. ரூஜில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறா. காலை ஷிப்டுக்கு நான் நாலரைக்கே வெளிக்கிட வேணும். எனக்கு முதல் எழும்பித் தேத்தண்ணி போட்டு, சாப்பாடு கட்டி வைப்பா. நான் சப்பாத்துப் போடத் தொடங்கினால் பேஸ்மென்ற் படியில் இறங்கி மறைந்துவிடுவா. ஒருநாள் வெள்ளன எழும்பிய மகள், "அப்பம்மா ஏன் ஒளிக்கிறா?" என்று கேட்டாள். அவளுக்கு அது ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டு.

மேலே எழுதிய விளக்கமெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். சிரித்தா. "எனக்குச் சொல்லுறாய் தம்பி, ஊருக்கு ஆர் சொல்லுறது?" என்றா. அதற்காகத்தான் இதை எழுதினேன்.

2009 வரை நடந்த யுத்தம் எங்கள் இனத்தில் பல்லாயிரம் பெண்களைக் கைம்பெண்களாக்கியது. தனிய நின்று பிள்ளைகளை வளர்த்து, காணி நகை விற்று எங்களை அனுப்பியவர்கள் அவர்கள். அவர்களின் முகத்தில் முழித்ததால் கெட்டுப்போனவர்கள் எங்களில் ஆர்? கலியாண வீடு, குடிபூரல், பூப்புனித நீராட்டு விழா என்று எங்கட மண்டபங்களில் அவர்கள் இன்னும் கடைசி வரிசைக் கதிரையில்தான் இருக்கிறார்கள். கூப்பிட்டு முன்னுக்கு இருத்துங்கள்.

இந்தச் சித்திரைக்கு எங்கள் வீட்டில் முதல் கைவியளம் அம்மாவின் கையால்தான். அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது வாசலில் வந்து நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. வாசலில் அவ வந்து நிற்கும்வரை நான் சப்பாத்துப் போடப் போவதில்லை.