ஆய்வுக்கூடமும் ஆலோசனை அறையும்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் ஹனூரைத் தாண்டினால் கௌதள்ளி. மலையேறிப் பாலாறு வழியாக இறங்கினால் மேட்டூர் வந்துவிடும். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும்வரை இது மைசூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்தப் பக்கத்தில், அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டுவது சொந்தம் விட்டுப்போகாமலிருக்கக் காலங்காலமாகச் செய்துவரும் ஏற்பாடு.

இங்கே உயிரியல் பட்டம் முடித்த மாணவி ஒருத்திக்கு மரபியலில் மேற்படிப்பு ஆசை இருந்தால், கர்நாடகத்துக்குள்ளேயே இரண்டு வழிகள் இருக்கின்றன. மைசூர் பல்கலைக்கழகத்தில் மரபியல் எம்.எஸ்சி. படிக்கலாம், அல்லது மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் மரபணு ஆலோசனை எம்.எஸ்சி. படிக்கலாம். இரண்டும் இரண்டாண்டுப் படிப்புகள். மெண்டல், குரோமோசோம், டிஎன்ஏ என்று அடிப்படைப் பாடங்களும் பொதுவானவை.

வேறுபாடு வேலையில்தான் தெரியும். பிறவியிலேயே காது கேளாத குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இருப்பதால், இப்பகுதிப் பெற்றோருக்குப் பரிசோதனைக்கு எங்கே போவது என்று தெரியும். மரபியல் படித்தவர் ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, செவித்திறனோடு தொடர்புடைய ஜிஜேபி2 மரபணுவை வாசிப்பார். இந்தியாவில் அதில் அதிகம் காணப்படும் டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம் இரு பிரதிகளிலும் இருந்தால் காரணம் தெரிந்துவிடும். அறிக்கை தயாராகும். நுணுக்கமான வேலை, இதில் பிழை நேர்ந்தால் அடுத்து வருபவர் எவ்வளவு இதமாகப் பேசினாலும் பயனில்லை.

அந்த அறிக்கையோடு பெற்றோர் எதிரே உட்காருபவர்தான் ஆலோசனை படித்தவர். மூன்று தலைமுறையையாவது விசாரித்து அவர் குடும்ப வரைபடம் போடுவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் மணந்தவர்களுக்கு இடையே இரட்டைக்கோடு. பாடநூலில் அபூர்வமாக வரும் அந்த இரட்டைக்கோடு இந்தப் பக்கத்தில் ஒரே தாளில் இரண்டு மூன்று இடங்களில் விழக்கூடும். தாய்மாமனை மணந்தவளின் குழந்தைக்கு, பொது மூதாதையிடமிருந்து ஒரே பிரதி இரு வழியாகவும் வந்துசேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் உறவில் பதினாறில் ஒன்று. இது எந்த மரபணுவுக்கும் பொருந்தும் பொதுக்கணக்கு.

கணக்கைவிடச் சொல்வது கடினம். பெற்றோர் இருவரும் அந்த மாற்றத்தைச் சுமந்தால் குழந்தைக்குக் குறை வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. கேட்பவர், ‘ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்குப் பயமில்லை’ என்று எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே நாலில் ஒன்றுதான் என்று புரியும்வரை சொல்ல வேண்டும். இன்னொன்று, என் பார்வையில் இந்தப் படிப்பின் உயிரே அதுதான்: பழி பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. ஆளுக்கொரு பிரதி இருவரிடமிருந்தும் வந்தது என்பதை மாமியாரும் கேட்கும்படி விளக்குவதே அவளுக்குப் பாதி மருந்து.

அமெரிக்க மரபியலாளர் ஷெல்டன் ரீட் 1947இல் மரபணு ஆலோசனைத் துறைக்குப் பெயரிட்டார். 1969இல் நியூயார்க் அருகே சாரா லாரன்ஸ் கல்லூரியில் முதல் முதுகலைப் படிப்பு தொடங்கியது. இன மேம்பாடு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்த நாடு அது. அதனாலேயே, தகவலைத் தந்து முடிவைக் குடும்பத்திடம் விடுவது இத்துறையின் அறமானது. கௌதள்ளிக் குடும்பமோ, “நீங்களே ஒரு வழி சொல்லுங்கம்மா” என்று கேட்கும். அந்த இடத்தில் மௌனம் காப்பது கைவிடுவதாகிவிடும், உத்தரவிடுவதும் தவறு. ஏற்கெனவே மணந்துவிட்டவர்களிடம் சொந்தத்தில் கட்டாதே என்று உபதேசிப்பதில் என்ன இருக்கிறது?

வேலைவாய்ப்பில் மரபியல் எம்.எஸ்சி.க்கு ஆராய்ச்சி, கற்பித்தல் எனக் கதவுகள் அதிகம். ஆலோசகர்களுக்கான இடங்கள் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளிலும் பரிசோதனை நிறுவனங்களிலும்தான். தேவையோ வேறிடத்தில் இருக்கிறது. மரபுவழி நோயான அரிவாள் செல் சோகைக்காக 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. கர்நாடகமும் அதில் உண்டு. இந்த மலைகளின் சோலிகர் பழங்குடி இளைஞர் ஒருவரிடம், ‘நீ சுமப்பவன்; நோயாளி அல்ல’ என்று விளக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது.

எனவே ஆலோசனைப் படிப்பின் மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு பகுதியைக் கொள்ளேகால் போன்ற தாலுகா மருத்துவமனைகளில், தமிழிலும் கன்னடத்திலும் பேசிப் பழகும்படி வைக்க வேண்டும் என்பேன். கௌதள்ளி மாணவி அந்த மொழிகளோடுதான் வகுப்புக்கு வருகிறாள்.