ஷமோனியின் கோடை: பனியாற்றோரத்து வழிகாட்டிகளின் வரலாறு

பிரான்சின் தென்கிழக்கில், இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் வந்து கூடும் எல்லையை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து 1,035 மீட்டர் உயரத்தில் ஆர்வ் ஆற்றங்கரையில் அமைந்திருக்கும் ஷமோனி, இன்று பனிச்சறுக்கு நகரமாகவே உலகெங்கும் அறியப்படுகிறது. முதலாவது குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் 1924இல் இங்கு நடைபெற்றதிலிருந்து அப்பெயர் நிலைத்துவிட்டது. ஆயினும் இவ்வூரின் விடுதிகளும் மலைப்பாதைகளும், ஊராரின் பிழைப்பாகிய வழிகாட்டித் தொழிலும் அத்தொழிலுக்கான சட்டதிட்டங்களும், பனிச்சறுக்குக் கட்டைகள் அங்கு வந்து சேர்வதற்கு நெடுங்காலம் முன்பே கோடைக்காலத்தில் உருவானவை. கோடையில் அங்கே செல்லும் பயணி இன்றும் கடைப்பிடிக்கும் வழக்கங்கள் பலவற்றுக்குக் காரணம் தேடினால், அத்தேடல் பதினெட்டாம் நூற்றாண்டின் படிகம் தேடுவோரிடமும் மான் வேட்டைக்காரர்களிடமும் கொண்டுபோய்விடும்.

அக்காலத்துக்கு முன்னர் அம்மலைகளை எவரும் பார்க்கச் சென்றதில்லை. மோன் பிளாங் என்று இன்று வழங்கும், 4,800 மீட்டருக்குச் சற்றே மேற்பட்ட அந்தச் சிகரத்தையும் அதைச் சூழ்ந்த முகடுகளையும் சுற்றுவட்டார மக்கள் சபிக்கப்பட்ட மலைகள் என்றே குறிப்பிட்டுவந்தனர். உயரத்தில் ஆண்டுக்காண்டு விழும் பனி உருகித் தீராமல் இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகர்ந்து இறங்குவதைப் பனியாறு என்பர். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தட்பவெப்பம் குளிர்ந்திருந்தபோது இப்பனியாறுகள் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி வயல்களையும் வீடுகளையும் விழுங்கத் தொடங்கின. 1644இல் ஜெனீவா மறைமாவட்டத்தின் துணை ஆயரை அழைத்துவந்து, பனியாற்றின் நுனிவரை ஊர்வலமாகச் சென்று, அது பின்வாங்க வேண்டுமென ஊரார் மன்றாடினர். பனிக்கட்டியைக் கண்டு அஞ்சிய இதே ஊர் நூறாண்டுகளுக்குப் பின் அதைக் காட்டியே பிழைக்கத் தொடங்கியது.

1741இல் ஜெனீவாவில் தங்கியிருந்த வில்லியம் விண்டாம், ரிச்சர்ட் போக்காக் ஆகிய ஆங்கிலேயர்கள், வழியில் கொள்ளையரை எதிர்பார்த்து ஆயுதங்களுடன் ஒரு சிறு கூட்டமாகப் புறப்பட்டு ஷமோனியை அடைந்தனர். அவ்வூராரின் துணையுடன் மோன்தான்வேர் என்னும் மேட்டுக்கு ஏறி, கீழே பரந்துகிடந்த பனியாற்றைப் பார்த்த விண்டாம், காற்றில் கொந்தளிக்கும்போதே ஒரேயடியாக உறைந்துபோன நீர்ப்பரப்புக்கு அதை ஒப்பிட்டு எழுதினார். பனிக்கடல் என்று பொருள்படும் மேர் த கிளாஸ் என்ற பெயர் அவ்வொப்புமையின் வழியே அப்பனியாற்றுக்கு அமைந்தது. அக்குறிப்பு அச்சேறிய பிறகு வருகையாளர் பெருகினர். 1770இல் ஊரில் முதல் விடுதி தோன்றியது.

1760இல் இருபது வயது இளைஞராக அங்கு வந்த ஜெனீவா அறிஞர் ஒராஸ் பெனடிக்ட் த சோசூர், மோன் பிளாங்கின் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். அப்பரிசுக்கு உரியவர் கிடைக்க இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. 1786 ஆகஸ்டு 8 அன்று மாலை, ஊர் மருத்துவர் மிஷேல்-கப்ரியேல் பக்காரும் படிகம் தேடுபவரான ஜாக் பல்மாவும் ஏணியோ கயிறோ இன்றி, நீண்ட கோல்களை மட்டும் ஊன்றி உச்சியை அடைந்தனர். அதன்பின் நடந்தது நியாயமானது என்று சொல்ல இயலாது. பரிசையும் புகழையும் பல்மா பெற்றார். அவரை மட்டும் உயர்த்தி எழுதிய சமகாலத்தவரின் சொல்லே ஒரு நூற்றாண்டுக்கு மேல் வரலாறாக நின்றது. ஏறுவதைக் கீழிருந்து தொலைநோக்கியில் கவனித்த ஒருவரின் நாட்குறிப்பு பின்னாளில் ஆராயப்பட்ட பிறகே பக்காரின் பங்கு தெளிவாயிற்று. 1887இல் ஊர் நடுவே எழுப்பப்பட்ட வெண்கலச் சிலையில் சோசூரும் அவருக்கு உச்சியைச் சுட்டிக்காட்டும் பல்மாவும் மட்டுமே இடம்பெற்றனர். மருத்துவருக்குத் தனிச்சிலை அமைய 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1787இல் சோசூர் பதினெட்டு வழிகாட்டிகளுடன் உச்சிக்குச் சென்று காற்றழுத்தத்தை அளந்து திரும்பிய பின், வழிகாட்டுதல் என்பது ஊரின் தொழிலாயிற்று. இத்தொழிலுக்கு ஆள் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. பாறை வெடிப்புகளில் விளையும் படிகக் கற்களைத் தேடி எடுத்து விற்றவர்களும், ஷாமுவா எனப்படும் மலைமானை வேட்டையாடியவர்களும் பனியின் குணத்தை ஏற்கெனவே அறிந்திருந்தனர். பனியாறு வளைந்தும் சரிந்தும் நகர்கையில் அதில் ஆழமான பிளவுகள் விழுகின்றன. புதிதாக விழும் பனி அப்பிளவுகளின் மேல் பாலம்போல் மூடிக்கொள்வதால் அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இரவுக் குளிரில் இறுகிக் கிடக்கும் அப்பாலம் காலடியைத் தாங்கும். வெயில் ஏறி நெகிழ்ந்த பின் தாங்காது. ஆகவே நள்ளிரவு கடந்ததும் விளக்கொளியில் புறப்படுவது, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கோலைக் குத்தி ஆழம் பார்ப்பது, வெயில் உறைக்கும் முன் பனியாற்றைக் கடந்து திரும்பிவிடுவது என்பன அவர்களின் ஒழுங்காக இருந்தன. ஷமோனியின் மலையேற்றப் பயணிகள் இன்றும் விடுதிகளில் அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பப்படுவதற்குக் காரணம் இதுவே.

அத்தொழிலின் சட்டம் ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1820 ஆகஸ்டில் ஜோசப் ஹாமெல் என்ற ரஷ்ய இயற்கையியலாளர் மோன் பிளாங் ஏற வந்தபோது வானிலை கெட்டுப் புதுப்பனி விழுந்திருந்தது, வழிகாட்டிகள் தயங்கினர், பயணத்தைக் கைவிட மனமில்லாதவர்களின் விருப்பமே வென்றது. உச்சியை நெருங்கும் சரிவில் பனி பெயர்ந்து இறங்கி மூன்று வழிகாட்டிகளைப் பிளவொன்றினுள் தள்ளி மூடிற்று. மறு ஆண்டே, 1821இல், ஷமோனி வழிகாட்டிகள் சங்கம் நிறுவப்பட்டது. உலகில் இவ்வகைச் சங்கங்களுள் மிகப் பழையது இதுவே. ஷமோனி அடங்கிய சவோய்ப் பகுதியை அப்போது ஆண்ட சார்டீனிய அரசு அதன் விதிகளுக்கு இசைவளித்தது. விபத்தில் சிக்கியோருக்கும் இறந்தோரின் குடும்பத்துக்கும் உதவ ஒரு பொதுநிதி ஏற்பட்டது. வழிகாட்டிகளைப் பட்டியலிட்டு வரிசைப்படி வேலை பகிரும் முறையும் ஏற்பட்டது.

முறை என்றே தமிழிலும் சொல்லத்தக்க இவ்வரிசை ஏற்பாட்டின்படி, வரும் பயணி தனக்குப் பிடித்தவரைத் தெரிந்தெடுக்க இயலாது. பட்டியலில் அடுத்து நிற்பவரே அவரோடு செல்வார். மோன் பிளாங் ஏறும் பயணி ஒருவருக்கு நான்கு வழிகாட்டிகள் என்றும் விதி இருந்தது. 1857இல் லண்டனில் தோன்றிய ஆல்பைன் கிளப்பினர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். திறமையுள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நிற்பது ஆபத்தானது என்ற அவர்களின் வாதத்தில் உண்மை உண்டு. பின்னர் விதிகள் தளர்த்தப்பட்டன. எனினும் குளிர்காலத்தில் ஆண்கள் வேலை தேடிப் பாரிஸ் வரை செல்ல வேண்டியிருந்த ஏழைப் பள்ளத்தாக்கில், மூன்று மாதக் கோடை வருவாயைச் சிலர் மட்டும் அள்ளிக்கொள்ளாமல் எல்லா வீடுகளுக்கும் பங்கிட்ட அம்முறையை மூடத்தனம் என்று ஒதுக்குவது சரியன்று. ஊருக்கு வெளியே பிறந்த ஒருவர் சங்கத்தில் சேர்க்கப்பட 1930 வரை ஆயிற்று; அவர் பின்னாளில் மலை நாவல்களால் புகழ்பெற்ற ரோஜே ஃபிரிசோன்-ரோஷ்.

1820இல் மறைந்த மூவரின் கதை அத்துடன் முடியவில்லை. பனியாறு நகரும் வேகத்தை அளந்து ஆராய்ந்த ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ், அவ்வுடல்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பொசோன் பனியாற்றின் அடிப்பகுதியில் வெளிப்படும் என்று கணித்திருந்தார். 1861இல், நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின், எலும்புகளும் நசுங்கிய விளக்கும் தொப்பித் துணுக்குகளும், வழிக்குக் கட்டிச் சென்ற சமைத்த ஆட்டுக்காலும் அங்கேயே வெளிப்பட்டன. அவ்விபத்தில் தப்பி முதுமையடைந்திருந்த வழிகாட்டி ஒருவர், இளமையிலேயே உறைந்துவிட்ட தம் தோழர்களின் எச்சங்களை அடையாளம் காட்டினார். பனியாறு நகர்கிறது என்னும் உண்மையை ஊரார் கண்முன் நிறுவிய சான்று அது.

இத்தொழிலைச் சூழ்ந்து பெண்களின் வரலாறும் ஒன்று உண்டு. 1808இல் மரி பரடி என்னும் எளிய உள்ளூர்ப் பெண், வழிகாட்டிகள் இழுத்தும் தாங்கியும் அழைத்துச் செல்ல, மோன் பிளாங் உச்சியை அடைந்த முதல் பெண்ணானார். பின்னர் அருவி பார்க்க வருவோருக்குச் சிற்றுண்டி கொடுத்தே பிழைத்தார். முழுக்கத் தம் கால்களாலேயே 1838இல் ஏறிய ஆன்ரியெத் தாஞ்வில், திரும்பியதும் நடந்த விருந்துக்கு மரியை அழைத்துப் பெருமைப்படுத்தினார். 1876 ஜனவரியில் அச்சிகரத்தின் முதல் குளிர்கால ஏற்றத்தை நிகழ்த்திய இசபெல்லா ஸ்ட்ராட்டன், தமக்கு வழிகாட்டிய ஜான் ஷார்லேயையே அவ்வாண்டில் மணந்தார்.

பயணம் பெருந்தொழிலாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். 1851இல் மோன் பிளாங் ஏறிய ஆல்பர்ட் ஸ்மித் என்ற லண்டன் நகர எழுத்தாளர், சாதாரணத் திராட்சை மது மட்டுமே 60 புட்டிகளும், 46 கோழிகளும் சுமக்கச் செய்து சென்ற அப்பயணத்தை, மறு ஆண்டு முதல் ஓவியத்திரைகளுடன் மேடையில் விவரித்து ஆண்டுக்கணக்கில் அரங்கை நிரப்பினார். 1863இல் தாமஸ் குக் அழைத்துவந்த முதல் சுவிஸ் சுற்றுலாக் குழு ஷமோனிக்கும் வந்தது. 1860இல் சவோய் பிரான்சுடன் இணைந்த பின் வண்டிச்சாலையும், 1901இல் ரயிலும் வந்தன. மோன்தான்வேருக்குக் கோவேறுகழுதைகளில் பயணிகளை ஏற்றிச் சென்றவர்களும் வழிகாட்டிகளும் தங்கள் பிழைப்புக் கெடும் என்று எதிர்த்தபோதிலும், தண்டவாளத்தின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பல்சக்கரத்தால் பற்றி ஏறும் ரயில் 1909இல் 1,913 மீட்டர் உயரத்திலுள்ள அம்மேட்டை முழுவதுமாக எட்டியது. 1955இல் எகுயி து மிடி என்னும் 3,842 மீட்டர் உயர ஊசிமுனைக்குக் கம்பிவட ஊர்தி, அதாவது ரோப்கார், ஓடத் தொடங்கியது.

இருபது நிமிடங்களில் ஏறிவிட முடிகிற அவ்வுயரம் உடலுக்கு எளிதானதன்று. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஜூலையிலும் குளிர் உறைநிலையை ஒட்டி நிற்கும். ஆகவே கம்பளி ஆடையும் கறுப்புக் கண்ணாடியும் கொண்டு, 2,317 மீட்டரில் உள்ள இடைநிலையத்தில் சற்று இளைப்பாறி ஏறுவதே நல்லது. கண்ணாடி வெறும் அலங்காரமன்று: 1786இல் உச்சியிலிருந்து இறங்கிய பக்கார், பனியில் எதிரொளித்த வெயிலால் பார்வை மங்கித் தடவித் தடவியே கீழே வந்தார். மூன்று நாடுகளின் வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் சுற்றிவரும் மோன் பிளாங் சுற்றுப்பாதையில் நடப்போர் ஜூன் பிற்பகுதிக்கு முன் போனால் கணவாய்களில் பனி மிஞ்சியிருக்கும். செப்டம்பர் கடைசியில் போனால் மலைவிடுதிகள் பல அடைபட்டிருக்கும். பிற்பகல்களில் இடிமழை திரள்வதால், எதிர்ப்பக்கச் சரிவிலுள்ள லாக் பிளாங் ஏரிக்குப் போகிறவர்களும் காலையிலேயே சென்று திரும்புவது ஊர் வழக்கம். கூட்டம் மிகுந்ததால் 2019 முதல் மோன் பிளாங்கின் வழக்கமான ஏற்றப்பாதையில் விடுதி முன்பதிவு இன்றியமையாததாக்கப்பட்டுள்ளது; வரிசை வைத்து மலையேறும் அவ்வூரின் பழைய முறை வேறு வடிவில் திரும்பியிருக்கிறது எனலாம்.

இப்பள்ளத்தாக்கின் வரலாற்றில் இந்தியர்களின் துயரமும் கலந்திருக்கிறது. 1950 நவம்பர் 3 அன்று ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் விமானம் மோன் பிளாங்கில் மோதி 48 பேர் இறந்தனர். அவர்களைத் தேடி ஏறிய மீட்புக் குழுவின் வழிகாட்டி ரெனே பயோ பனியில் உயிரிழந்தார். 1966 ஜனவரி 24 அன்று அதே மலையில் மோதிய காஞ்சன்ஜங்கா விமானத்தில் அணுவியல் அறிஞர் ஹோமி பாபா உட்பட 117 பேர் மாண்டனர். 1861இல் வழிகாட்டிகளைத் திருப்பித்தந்த பொசோன் பனியாறே இவர்களின் உடைமைகளையும் சிறுகச் சிறுகத் திருப்பித்தருகிறது: 2012இல் இந்திய அரசின் அஞ்சற்பை ஒன்றும், 2013இல் மரகதங்கள் உள்ளிட்ட கற்கள் அடங்கிய பெட்டி ஒன்றும், 2020இல் இந்திரா காந்தி பிரதமரான செய்தியைத் தாங்கிய நாளேடுகளும் கிடைத்தன.

ஊராருக்கு வாழ்வளித்த பனிக்கடலும் வேகமாகச் சுருங்கிவருகிறது. மேர் த கிளாஸில் பனியைக் குடைந்து பயணிகளுக்காக அமைக்கும் குகையை, பனியாறு நகர்ந்துகொண்டேயிருப்பதால், ஆண்டுதோறும் புதிதாக வெட்ட வேண்டியிருக்கிறது. மோன்தான்வேரிலிருந்து அதற்கு இறங்க 1988இல் சிறு ரோப்கார் அமைத்தபோது, அதிலிருந்து பனியை அடைய மூன்று படிகளே போதுமானதாயிருந்தன. பனிமட்டம் தாழத் தாழ ஒவ்வோர் ஆண்டும் கீழே படிகளைச் சேர்த்து, அவை ஐந்நூற்றுக்கும் மேலாயின. பனி எந்த ஆண்டில் எங்கே நின்றது என்று காட்டும் சிறு பலகைகள் அவ்வழியின் பாறைகளில் பதிக்கப்பட்டன. 2024இல் பனியாற்றின் மேற்பகுதிக்குப் புதிய ரோப்கார் திறக்கப்பட்டு, குகையும் அங்கே இடம் மாறியது. 1644இல் பின்வாங்க வேண்டுமென மன்றாடப்பட்ட அப்பனியாற்றின் நுனி, இன்று ஊரில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.