வெயில் பட்ட காளான்

சானடோரியம் என்று சொல்லி ரயிலில் இறங்குகிறோம். அது ஆஸ்பத்திரியின் பெயர் என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை அது. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் இதே வைத்தியம் செய்துவிட்டு வந்தவர். கணித மேதை ராமானுஜன்கூட அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். காசத்துக்கு மருந்து கண்டுபிடிக்காத காலம். நல்ல காற்று, வெளிச்சம், சத்தான சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். அதற்குத்தான் அன்றைய தாம்பரத்தின் திறந்தவெளி. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது.

அதே 1928-ல் ஜெர்மனியின் அடால்ஃப் விண்டாஸுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று எர்கோஸ்டெரால். ஈஸ்டிலும் காளானிலும் இருக்கும் கொழுப்பு வகைப் பொருள். இதன் மேல் புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி ஆகிவிடும். நம் தோலில் வெயில் பட்டு நடக்கும் அதே வேலை, கொஞ்சம் வேறு ரூபத்தில். நம் உடம்பில் உண்டாவது டி3, காளானில் உண்டாவது டி2.

இப்போது நம் ஊர்க் கதை. அகரம்தென், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் வயலாக இருந்த நாளில், இடி இடித்து மழை பெய்த மறுநாள் புற்றோரம் காளான் முளைக்கும். தெரிந்தவர்கள் பறிப்பார்கள், மற்றவர்கள் நாய்க்குடை என்று ஒதுங்குவார்கள். அதைப் பயிராக்கலாம் என்று 1940-களின் தொடக்கத்திலேயே கோவை வேளாண் கல்லூரியில் வைக்கோல் காளான் வளர்த்துப் பார்த்தார்கள். 1962-ல் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் ஜகியா பானோ, ஸ்ரீவாஸ்தவா இருவரும் சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்த்தார்கள். ஆனால் சிப்பிக்கு நம் சித்திரை வெயில் ஆகாது. மொட்டுக் காளானுக்கோ ஊட்டிக் குளிர் வேண்டும். நமக்கென்றே வந்த மாதிரி வந்தது பால் காளான். 1974-ல் வங்காளத்தில் கண்டு விவரிக்கப்பட்ட அந்த இனத்திலிருந்து, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் ஏ.பி.கே.2 ரகத்தை வெளியிட்டது. ஏ.பி.கே. என்றால் அருப்புக்கோட்டை! முப்பது, முப்பத்தைந்து டிகிரி சூட்டிலும் வெள்ளை வெளேரென்று வளரும். புறநகரில் கொல்லையில் கொட்டகை போட்டுப் பலர் பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். வைக்கோலை வேகவைத்து, பாலிதீன் பையில் அடுக்கடுக்காக வித்துத் தூவி, அந்தப் படுக்கையை இருட்டறையில் வைக்கிறார்கள். அறுவடை வரை வெயில் படுவதே இல்லை. எர்கோஸ்டெரால் நிறைய இருக்கும், வைட்டமின் டி ஏறக்குறைய இருக்காது. ஃப்ளாட்டில் அடைந்து கிடக்கும் நம் நிலைமையேதான். ரத்தப் பரிசோதனையில் நம்மில் எத்தனை பேருக்கு "டி குறைவு" என்று வருகிறது!

சில நாடுகளில் பண்ணைக்காரர்கள் புற ஊதா விளக்கைச் சில விநாடி காட்டி விற்கிறார்கள். நமக்கு விளக்கு எதற்கு? நறுக்கிய மொட்டுக் காளானை நண்பகல் வெயிலில் கால் மணி முதல் இரண்டு மணி நேரம் வரை வைத்தால், 100 கிராமில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் டி2 உண்டாவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது 400 யூனிட். நறுக்கி, அடிப்பக்க மடிப்புகள் மேலே தெரியும்படி தட்டில் பரப்ப வேண்டும். சமைத்தாலும் பெரும்பகுதி நிற்கும்.

பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களிடம் "சர்வரோக நிவாரணி" என்று காளான் பவுடர் விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜப்பானில் ஷிடாகே காளானிலிருந்து பிரித்த லென்டினான் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக 1985-ல் அனுமதி பெற்றது உண்மை. ஆனால் அது சுத்திகரித்து ஊசி வழியே ஏற்றுவது, டப்பாவில் வரும் பொடி அல்ல. டாக்டர் எழுதிய மாத்திரையையும் காளானை நம்பி நிறுத்திவிடாதீர்கள். டி2 ரத்தத்தில் டி3 அளவுக்கு நிலைப்பதில்லை.

எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் மொட்டை மாடிக்குத் தட்டு போகிறது. மேலே மெல்லிய வலை மூடி, காக்கைக்கு. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் பலன் இல்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.