அச்சும் தண்டும்: சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்துவிடுமோ என்றஞ்சிய உப்பு வணிகர், வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட செய்தியைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உவமையாக எடுத்தாள்கிறார். வண்டியின் உறுப்பொன்று செய்யுளுக்குள் புகத் தகுதியுடையது என்று நம் முன்னோர் கருதியிருக்கின்றனர். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் சென்னையைச் சுற்றி வளர்ந்த மோட்டார் பந்தயத்தின் வரலாறோ பெரும்பாலும் ஆங்கில நாளேடுகளின் விளையாட்டுப் பக்கங்களோடு நின்றுவிட்டது. அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைக் கடந்தால் சோழவரம். மாநகருக்குக் குடிநீர் தரும் ஏரியால் அறியப்படும் அவ்வூரில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமான ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தது, ஓடுதளம் எஞ்சியது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதனைத் தன் பந்தயக் களமாக்கிக்கொண்டது. வண்டிப்பித்துக் கொண்ட ஆர்வலர்கள் கூடி அமைத்த சங்கம் அது. நிறுவனர்களுள் ஒருவர் இந்து சந்தோக். அவருடைய பேரன் கருண் சந்தோக் 2010இல் பார்முலா ஒன் பந்தயங்களில் வண்டி ஓட்டினார். சோழவரம் பந்தயங்களைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர்.

மன்னர் குடும்பத்தினரும் தொழிலதிபர்களும் வெளிநாட்டுப் பந்தய வண்டிகளோடு வந்திறங்கினர். அவர்களைக் காட்டிலும் நம் கவனத்துக்குரியவை அங்கே ஓடிய குடும்ப வண்டிகள்: அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றிலும் எஞ்சின் முன்னே இருக்கும், சுழல்வது பின்சக்கரம். இரண்டையும் இணைப்பது வண்டியின் அடிவயிற்றில் நீண்டு கிடக்கும் உருக்குத் தண்டு. அதனை மெக்கானிக்குகள் பிராப்பல்லர் ஷாப்ட் என்பர். அதன் மூட்டு சற்றே தேய்ந்தாலும், தண்டு இம்மியளவு வளைந்தாலும், வேகம் ஏற ஏற வண்டி முழுவதும் அதிரத் தொடங்கும். 1960களில் சென்னையில் உருவான ஹெரால்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அரைத்தண்டுகளில் பொருத்தப்பட்டிருந்தமையால், வளைவின் நடுவில் அஞ்சி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் உட்புறமாக மடங்கப் பார்க்கும். அஞ்சினால்தான் ஆபத்து என்னும் பாடத்தை அவ்வண்டி கற்பித்தது எனலாம்.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. வெளிநாட்டு உதிரிப்பாகங்கள் எளிதில் கிட்டா. ஆகவே இருப்பதைக் கடைந்தும் தேய்த்தும் எடை குறைத்தும் வேகம் கூட்ட வேண்டியிருந்தது. சென்னையின் மேற்குப் புறநகர் பட்டறைகளின் நாடாக மாறியதும் அதே ஆண்டுகளில்தான். அம்பத்தூரில் சைக்கிள் ஆலையும், பின்னர் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பந்தயமும் லேத் பட்டறை அறிவும் ஒரே நகரத்தில், ஒரே தலைமுறையில் விளைந்தவை.

1983இல் மாருதி 800 வந்தது. அதன் எஞ்சின் முன்சக்கரங்களையே இயக்கியதால் நீண்ட தண்டுக்கு அங்கே வேலையில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் அந்த 796 சிசி எஞ்சினை எடுத்து, ஓட்டுநருக்குப் பின்னே பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியாக்கினார். பார்முலா மாருதி எனப்பட்ட அவ்வகையில் எல்லோருக்கும் ஒரே எஞ்சின். பணப்பையின் கனம் குறைந்து கைத்திறத்தின் கனம் கூடியது. அவ்வண்டிகளை ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன்னில் பங்கேற்ற முதல் இந்தியரானார். அதைக் காணக் கரிவர்தன் இல்லை. 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையின் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் சாலை வண்டிகளிலிருந்து நீண்ட தண்டு விடைபெற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஜப்பானில் அது பத்தில் ஒரு பங்கு அளவில் மறுபிறவி எடுத்தது என்பது சுவையான செய்தி. ரேடியோ அலையால் இயங்கும் சிறு கார்களை டாமியா நிறுவனம் 1976 முதல் விற்றுவருகிறது. 1997இல் அது வெளியிட்ட டிஎல்-01 என்னும் டூரிங் காரில், முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் நடுத்தண்டு ஒன்றே இணைத்தது. பிறர் பலர் ரப்பர் பெல்ட்டை நம்பினர். மூடிய உறைக்குள் சுழலும் தண்டில் மணலும் தூசியும் எளிதில் புகா. ஆயினும் திடீரென முடுக்கும்போது, சுழற்சியின் எதிர்விசை காரைச் சற்றே ஒருபுறம் சாய்க்கும். இவ்விளையாட்டின் சங்கங்களிலும் எல்லோருக்கும் ஒரே மோட்டார் என்னும் விதியுடைய பிரிவுகள் உண்டு. பார்முலா மாருதியின் அறம் அங்கேயும் செல்லுபடியாகிறது.

சோழவரம் ஓடுதளம் சங்கத்துக்குச் சொந்தமன்று. அதனால் சங்கம் மேற்கே திரும்பி, பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலத்தில் தடம் அமைத்தது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுடைய அத்தடம் 1990இல் திறக்கப்பட்டது. அவ்வூரின் ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கியது 1998இல். ஆலைக்கு முன்பே அங்கே பந்தயம் வந்துவிட்டது.

ஓட்டுநர்களின் பெயர்கள் கோப்பைகளில் பொறிக்கப்பட்டன. தண்டை நேர்செய்தவர், மூட்டுக்கு அளவெடுத்தவர், காதை வைத்தே எஞ்சினின் குறையைக் கண்டவர் ஆகியோர் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் தமக்குள் வழங்கிய சொற்களை நம் அகராதிகளில் தேடினாலும் கிட்டுவது அரிது. அத்தலைமுறை முதுமையில் இருக்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் வாசகர்கள், தம் தெருவிலுள்ள பழைய பட்டறைக்காரரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி வைப்பார்களாயின், வருங்கால ஆய்வாளருக்கு அதுவே மாற்று அச்சாக உதவும்.