சுழல்வீழ்ச்சியிலிருந்து மீள்தல்: சாகச இரட்டை இறக்கை விமானங்களில் வாலும் எடைப் பரவலும்

சாகச இரட்டை இறக்கை விமானம் ஸ்பின் எனப்படும் சுழல்வீழ்ச்சிக்குள் நுழைவதும் அதிலிருந்து மீள்வதும் இரு வேறு சிக்கல்கள். நுழைவில் இறக்கைக்கே முதன்மைப் பங்கு. மீட்சியைப் பெரிதும் தீர்மானிப்பவை வாலும் எடைப் பரவலுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தாக்குகோணம் எல்லை மீறியபின் ஒரு பக்க இறக்கை தாழ்ந்தால், அப்பக்கத்தின் தாக்குகோணம் மேலும் கூடுகிறது, தூக்குவிசை குறைகிறது, இழுவை பெருகுகிறது. சுழற்சி தானாகவே நீடிக்கிறது. இரட்டை இறக்கை அமைப்பில் மேல், கீழ் இறக்கைகளின் முன்பின் இடைவெளியும் பொருத்துகோண வேறுபாடும் எது முதலில் தூக்குவிசை இழக்கும் என்பதை முடிவு செய்கின்றன. ஆயினும் நிலைபெற்ற சுழற்சியை நிறுத்த வேண்டியது வாலிலுள்ள சுக்கான். 1912 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டிஷ் விமானி வில்ஃப்ரெட் பார்க் தம் ஆவ்ரோ இரட்டை இறக்கை விமானத்தை மீட்டது, சுழற்சிக்கு எதிர்ப்புறமாகச் சுக்கானைத் திருப்பியே.

தெளிவான சான்று டைகர் மோத் என்ற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்திய விமானப்படையினர் பலர் இதில்தான் பறக்கக் கற்றார்கள். 1941இல் பிரிட்டனில் இதன் மீட்சி குறித்து ஐயம் எழுந்தது. பின்னுடலில், கிடைவாலுக்கு முன்னால், மெல்லிய நீள்தகடுகள் பொருத்தப்பட்டன. ஏலரான்களின் சமன் எடைகள் அகற்றப்பட்டன. இறக்கையின் வடிவத்தை எவரும் மாற்றவில்லை. வாலருகே காற்றோட்டத்தைத் திருத்தியதும் இறக்கையில் தொங்கிய எடையைக் குறைத்ததுமே தீர்வாயின.

ஈர்ப்பு மையம் பின்னே நகர்ந்தால் சுழற்சி தட்டையாகும். கிடைவாலின் சிதைந்த காற்றோட்டம் சுக்கானை மறைத்தால் அது வலுவிழக்கும். எஞ்சின் விசையும் பொருட்டே. விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுழலும் புரொபெல்லர், இடப்பக்க நேர்ச்சுழற்சியில் மூக்கை உயர்த்தி அதைத் தட்டையாக்குகிறது. பிட்ஸ் போன்ற சாகச இரட்டை இறக்கை விமானங்களில் மீட்சியின் முதற்படி திராட்டிலைக் குறைப்பதாக இருப்பது இதனால்தான்.

ஒற்றை இறக்கை விமானத்திலும் இதே விதியைக் காண்கிறோம். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் சித்தாரா ஜெட் பயிற்சி விமானம் 2003இல் முதலில் பறந்தது. சுழல்வீழ்ச்சிச் சோதனையில் தடுமாறியது. செங்குத்து வாலைப் பின்னுக்கு நகர்த்தி, சுக்கானின் பரப்பை நீட்டினார்கள். 2019இல் மீண்டும் பறந்த அது, இரு பக்கமும் ஆறு சுற்றுகள் சுழன்று மீண்டதாக நிறுவனம் 2022இல் அறிவித்தது.

எனவே ஒரு விமானத்தின் சுழல்வீழ்ச்சிக் குணத்தை அதன் வகைப்பெயரை வைத்து மதிப்பிடுவது பிழை. இறக்கையிலோ வாலிலோ சிறு எடை சேர்ந்தாலும், ஈர்ப்பு மையத்தின் பின் எல்லையில், போதிய உயரத்தில், இரு பக்கமும் மறுசோதனை செய்தே அந்த விமானத்தைப் பயிற்சிக்கு அனுமதிக்க வேண்டும்.