சிதம்பரம் எஸ். ஜெயராமன்

சிதம்பரம் எஸ். ஜெயராமன் (6 ஜனவரி 1917 – 29 ஜனவரி 1995) தமிழ்த் திரைப்படப் பின்னணிப் பாடகர், இசையமைப்பாளர். சி. எஸ். ஜெயராமன் என்றும் ‘இசைச்சித்தர்’ என்றும் அறியப்பட்டவர். சிதம்பரத்தில் பிறந்து, 1930களில் நடிகராகத் திரைக்கு வந்தார்.

குரல்

அண்டை ஊரான சீர்காழியில் பிறந்த பாடகர் கோவிந்தராஜனின் குரல் மேல் ஸ்தாயியில் வெண்கல மணியாக ஒலிப்பது. ஜெயராமனின் வலிமை இருந்தது கீழே. நடு ஸ்தாயியிலும் மந்தரத்திலும் கனத்து நிற்கும் குரல். சற்றே மூக்கொலி கலந்தது. சொல்லின் முதலெழுத்தை அழுத்தி, கடைசி உயிரைக் கமகத்தோடு அசைத்து விடுவது அவர் பாணி. ஆகவே எந்தச் சொல்லும் இசைக்குள் கரைந்து போவதில்லை.

திரையிசை

சிவாஜி கணேசனின் முதல் படமான ‘பராசக்தி’யில் (1952) அவருக்குப் பாடியவர் ஜெயராமன். காக்கைகள் கூடி உண்பதைக் காட்டி மனிதரை இடித்துரைக்கும் உடுமலை நாராயணகவியின் பாடல் அப்படத்தில் அவர் பாடியவற்றுள் ஒன்று. அப்படத்தின் வசனகர்த்தா மு. கருணாநிதியின் முதல் மனைவி பத்மாவதி, ஜெயராமனின் சகோதரி.

1954இல் ‘தூக்கு தூக்கி’ வந்தபின் சிவாஜியின் பாடல்கள் பெரும்பாலும் பாடகர் டி. எம். சௌந்தரராஜனிடம் சென்றன. ஆயினும் 1960இல் ‘தெய்வப்பிறவி’, ‘பாவை விளக்கு’ ஆகிய படங்களில் ஜெயராமன் மீண்டும் சிவாஜிக்குப் பாடினார்.

‘ரத்தக்கண்ணீர்’ (1954) பாடல்களுக்கு இசையமைத்தவரும் ஜெயராமனே. தொழுநோயாளியாக வரும் எம். ஆர். ராதா, ஒரு பாட்டின் இடையிடையே புகுந்து பேசுவார். அந்த நையாண்டிக்கு ஈடுகொடுத்து, சோகத்தை விடாமல் பிடித்துச் செல்வது ஜெயராமனின் குரல்.

இராவணன்

‘சம்பூர்ண ராமாயணம்’ (1958) படத்தில் டி. கே. பகவதி ஏற்ற இராவணனுக்குக் கே. வி. மகாதேவன் இசையில் ஜெயராமன் பாடினார். ஒரு காட்சியில் திருச்சி லோகநாதனின் குரல் பொழுதுக்கும் உணர்வுக்கும் உரிய ராகங்களைக் கேட்க, இராவணன் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டுகிறான். சில நொடிகளில் ஒரு ராகத்தின் முகம் தெரிந்தாக வேண்டும். அடுத்த கேள்வி காத்திருக்கும்.

போர்க்களத்தில் எல்லாம் இழந்தவனை, மறுநாள் வா என்று ராமன் திருப்பி அனுப்பிய அவமானத்தை இராவணன் எண்ணி மருகும் பாடல் திலங் ராகத்தில் அமைந்தது. கனிவுக்கு எடுக்கப்படும் ராகம் அது. ஜெயராமன் அதில் குரலை உயர்த்துவதில்லை. தோற்றவன் அரசன் என்பதையும் மறப்பதில்லை.